நல்ல மேசனும் நல்ல பரிசும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும், கலியாணத்துக்கு மாப்பிள்ளை தேடும்போது நாம் காட்டும் நிதானத்திற் பத்தில் ஒரு பங்கையேனும் வீட்டுக்கு மேசன் தேடும்போது காட்டுவதில்லை. மாப்பிள்ளையின் குணத்தையும் உத்தியோகத்தையும் ஊர் ஊராகச் சென்று விசாரிக்கும் நாம், வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் விழுங்கப்போகும் வீட்டை, "ஆள் கைவசம் இருக்கிறார், நாளைக்கே தொடங்குவார்" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறோம்.

வட பகுதியில் வாழும் எமக்கு இது சிறிய விஷயமன்று. போரில் இடிந்த வீடுகளை மீண்டும் எழுப்புவதற்காக இந்திய அரசின் உதவியுடன் நடைபெற்ற வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஆம் ஆண்டில் ஆரம்பமாகியது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. மேசனைத் தேடிக்கொள்வதும் வேலையை மேற்பார்ப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. கணவனை இழந்த பெண்கள் பலர், ஒருநாளும் சீமெந்துப் பையைத் தொட்டறியாதவர்கள், ஒரே இரவில் வீடு கட்டுவிப்போராக மாறினர். என் உறவினரான மாமி ஒருவரும் அவர்களுள் ஒருவர். முற்பணத்தைப் பெற்றுக்கொண்ட மேசன் அத்திவாரத்தை அரைகுறையாக விட்டு வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். குறித்த கட்டம் முடியாமல் அடுத்த தவணைப் பணம் கிடையாது. அந்த ஆண்டு மாரி முழுவதையும் மாமியும் பிள்ளைகளும் தறப்பாளின் கீழேயே கழித்தனர். மேசன் ஒருவரைத் தெரிவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை அன்றுதான் எங்கள் குடும்பம் உணர்ந்தது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நான் பதினாறு வயது மாணவன். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது தெற்குப் பக்கத்து அறைகள் இரண்டும் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. உடனே கட்டுவதற்குப் பணமும் இல்லை, பொருளும் இல்லை. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இற் போரினால் மூடப்பட்டுவிட்டது. அக்காலத்தில் ஒரு பை சீமெந்து எமக்குப் பொன்னுக்குச் சமானம். இடிந்த அறைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே கிடந்தன. "அப்பா கட்டின அறையிலே ஒரு நாளாவது படுத்து எழும்ப வேணும்" என்று அம்மா சொல்வார். 2018 இல் வங்கிக் கடன் கிடைத்ததும் மேசன்மார் மூவரை அழைத்து இடத்தைக் காட்டினேன்.

முதலாமவர் வளவுக்குள் வந்த ஐந்து நிமிடத்திலேயே முற்பணம் எவ்வளவு என்று கேட்டார். இரண்டாமவர் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லி, வேறு எதுவும் கேளாமல் விடைபெற்றார். மூன்றாமவர் வயதானவர். விலையைப் பற்றிப் பேசவேயில்லை. பழைய அத்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டச் செய்து பார்த்தார். மாரிகாலத்தில் வெள்ளம் எந்தப் பக்கமாக ஓடும் என்று கேட்டார். இறுதியாகக் கிணற்றடிக்குச் சென்று, "மாஸ்ரர், இந்தத் தண்ணியை முதலிலை ஒருக்கா வாயிலை விட்டுப் பாருங்கோ" என்றார். நீரிலோ மணலிலோ உப்பு மிகுந்தால் கொங்கிறீற்றின் உள்ளே கிடக்கும் கம்பி காலப்போக்கிற் கறள் பிடித்து வீங்கும், கொங்கிறீற்று வெடிக்கும். இதை அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர். அவரையே அமர்த்திக்கொண்டோம்.

இந்த அனுபவத்தைக் கொண்டும், பின்னர் அவரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டும், வீடு கட்ட முனையும் குடும்பத்தவர்க்குச் சில கூற விரும்புகிறேன். மேசன் புதிதாக முடித்த வீட்டைப் பார்ப்பதிற் பயனில்லை. புது மையின் கீழ் எல்லாச் சுவரும் அழகுதான். அவர் மூன்று மாரியையேனும் கண்ட வீடு ஒன்றைக் கட்டியிருப்பார். அதைக் காட்டும்படி கேளுங்கள். அங்கே பூச்சைக் கைவிரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலான ஓசை கேட்டால் பூச்சுச் சுவரோடு ஒட்டவில்லை என்பது பொருள். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் தானாகவே துவாரத்தை நாடிச் சென்றால் தரையிட்டவர் கைகாரர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டு அம்மாவிடம், "இந்த ஆளை மீண்டும் கூப்பிடுவீர்களா?" என்று கேளுங்கள். வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

சான்றிதழே வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை இன்று மேசன் தொழிலுக்கும் உண்டு. பயிற்சி நெறியிற் சேராமல் அனுபவத்தாலேயே தொழில் கற்றவரும் தம் திறமையைச் செய்து காட்டி இச்சான்றிதழைப் பெறலாம். இளைஞர் ஒருவர் இதைப் பெற்றிருந்தால் அது அவருக்குப் பெருமையே. ஆயினும் காகிதத்தைப் பார்த்த பின் சுவரையும் பார்ப்பது நன்று.

பணத்தைப் பொறுத்தவரை, நாட்சம்பளமாயினும் கொந்தராத்தாயினும், எந்தக் கட்டம் முடிந்ததும் எவ்வளவு என்பதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொள்ளல் வேண்டும். அது நம்பிக்கையின்மை அன்று. இரு பக்கத்தாருக்கும் பாதுகாப்பு. எங்கள் மேசனாரே, "எழுதுங்கோ மாஸ்ரர், பிறகு ரெண்டு பேருக்கும் மனக்கசப்பு வராது" என்றார். வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. சீமெந்து வேலை முடிந்த பின் குறைந்தது ஏழு நாட்களாவது அது காயாமல் நீர் ஊற்றி வரவேண்டும். மேசன் எத்துணைச் சிறந்தவராயினும், காலையும் மாலையும் நீர் ஊற்றச் சோம்பும் வீட்டாரின் சுவர் வெடிக்கவே செய்யும். எங்கள் வீட்டில் அந்தக் கடமையை அம்மாவே ஏற்றுக்கொண்டார்.

கணிதம் கற்பிக்கும் எனக்கு அந்த வேலைத்தலத்தில் ஒரு விருந்தே கிடைத்தது. அறையின் மூலையைச் செங்கோணமாக்க மேசனார் ஒரு நூலில் மூன்றடியும் மற்ற நூலில் நான்கடியும் அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையே ஐந்தடி சரியாக வரும்வரை நூலை நகர்த்தினார். வகுப்பறையிற் பைதகரசின் தேற்றத்தைக் கரும்பலகையில் நிறுவிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்கிறோம். அதன் மேல் ஒரு வீடே நிற்பதை மாணவர்க்குக் காட்டுவதில்லை. மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரை எம்மூரில் "முட்டாள்" என்று அழைப்பது வழக்கம். அங்கே அவ்வேலை செய்த இளைஞன் ஆறே மாதத்தில் நூல் பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் கற்றுக்கொண்டதைக் கண்டபோது, அந்தச் சொல்லை வசைச் சொல்லாக வகுப்பிற் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்தேன்.

வேலை முடிந்து வீடு குடிபுகும் நாளில் மேசனுக்கும் தச்சனுக்கும் வேட்டி சால்வை அணிவித்து மரியாதை செய்வது எமது பழைய மரபு. அதனோடு அவருக்குப் பயன்படும் பொருள் ஒன்றையும் கொடுக்க விரும்பினோம். எதைக் கொடுப்பது? அந்நாட்களில், கொழும்பில் வங்கி ஒன்றிற் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர், ஓய்வுபெறும் தம் மேலதிகாரிக்குப் பரிசு தேடி அலைந்த கதையைச் சொன்னார். அந்த அதிகாரி, 1879 இல் தொடங்கப்பட்ட றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தில் விளையாடுபவர். மாணவர் முதலில் நல்லதொரு கோல்ப் மட்டை வாங்க எண்ணினாராம். கடைக்காரர் தடுத்துவிட்டார். மட்டையின் நீளமும் வளைவும் பிடியும் ஆடுபவரின் உயரத்துக்கும் கைவீச்சுக்கும் ஏற்ப அமைபவை. ஓர் ஆட்டத்திற் பதினான்கு மட்டைகளுக்கு மேல் கொண்டுசெல்ல விதியும் இடங்கொடாது. ஆகவே, வேறொருவர் வாங்கிய மட்டை வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து கிடக்கும். அவர் வழக்கமாக ஆடும் வகைப் பந்துகளைக் கொடுத்தால், அவை நீரிலும் புதரிலும் தொலைந்து போவனவாதலால், எத்தனை கொடுத்தாலும் மகிழ்வார் என்றாராம்.

ஆட்டக்காரருக்கும் மேசனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பர். ஆனால் கைத்திறன் உள்ள எவருக்கும் இந்த நியாயம் பொருந்தும். எங்கள் மேசனாரின் சாந்தகப்பை முனை தேய்ந்து, பிடி வழுவழுத்து, அவர் கைக்கென்றே வார்த்தது போலிருந்தது. அதற்குப் பதிலாகப் புதியது கொடுப்பது அவருக்கு மற்றொருவர் செருப்பைக் கொடுப்பது போலாகும். நீர்மட்டம் அவ்வாறன்று, அது எவர் கையிலும் ஒன்றே. அவருடைய மட்டத்தின் கண்ணாடி மங்கிக் குமிழி தெளிவாகத் தெரியாதிருந்ததை நான் கவனித்திருந்தேன். தரமான புதிய மட்டம் ஒன்றை வாங்கி வேட்டி சால்வையுடன் வைத்து அம்மாவின் கையாற் கொடுக்கச் செய்தோம். அவர் அதை வாங்கியதும் நன்றி கூறவில்லை. நேரே சென்று தாம் கட்டிய யன்னற் படியின் மேல் அதை வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. பின்னரே நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஆளை அமர்த்தும்போதும் பரிசளிக்கும்போதும் வேண்டுவது ஒன்றே: அவர் தொழிலைச் சிறிது நேரம் நின்று கவனித்தல். கவனித்தவர் ஏமாறுவது குறைவு. அவர் கொடுக்கும் பொருளும் பெட்டிக்குள் உறங்காது. மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ சுவர் எழும்பும்போது ஒரு மாலையேனும் அங்கே சென்று நில்லுங்கள். அந்தக் கைகள் செய்வதைப் பார்த்து, ஏன் என்று கேளுங்கள். உழைப்பவரை மதிக்க வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் ஆயிரம் முறை சொல்வதிலும் அந்த ஒரு மாலை உங்களுக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.