நூலும் விலையும்

நூல் வாங்குவோர்க்கு இக்காலம் நற்காலம் என்றே சொல்ல வேண்டும். முன்னர்ச் சென்னையிலும் மதுரையிலும் மட்டுமே கிடைத்த நூல்கள், இன்று நாளைக்கு இருமுறை பேருந்து வந்து செல்லும் சிற்றூரிலும் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றன. கைப்பேசியில் நூலின் பெயரை எழுதினால், அதனை விற்கும் கடைகளும், கடைதோறும் குறித்த விலையும், நூல் வந்து சேரும் நாளும் திரையில் தோன்றுகின்றன.

யான் புலவர் வகுப்பிற் பயின்ற நாளில் நூல் பெறுதற்கு இரண்டே வழிகள் இருந்தன. பதிப்பகத்தாருக்கு அஞ்சலட்டை எழுதுதல் ஒன்று. அவர் விலைப்பட்டியல் அனுப்புவர். வேண்டும் நூலைக் குறித்து மறுமொழி எழுதினால் வி.பி.பி. முறையில் நூற்கட்டு வரும். அஞ்சற்காரரிடம் பணத்தைக் கொடுத்துக் கட்டினைப் பெற்றுக்கொள்வோம். மற்றொரு வழி, சென்னை செல்லும்போது மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடுதல். ஒரு கடையில் விலை கேட்டு, அடுத்த கடைக்கு நடந்து, மீண்டும் முதற் கடைக்கே வந்து பேரம் பேசுவோம். அக்கட்டடம் 1985-இல் தீக்கிரையாயிற்று. விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் அழியவில்லை. அன்று கால் நோவச் செய்ததை இன்று விரல் நுனியாற் செய்கின்றோம்.

இணைய வணிகம் வளர்ந்ததற்கும் நூலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்க நாட்டில் அமேசான் நிறுவனம் 1995-இல் கடை திறந்தபோது விற்ற பண்டம் நூலே. பெங்களூரில் 2007-இல் தோன்றிய பிளிப்கார்ட்டும் நூற்கடையாகவே தொடங்கிற்று. துணியைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். பழத்தை முகர்ந்து பார்த்தல் வேண்டும். நூலோ எனின், இன்ன நூலின் இன்ன பதிப்பு என்று அறிந்துவிட்டால், எக்கடையில் வாங்கினும் ஒன்றே. காணாமல் வாங்குதற்கு இதனினும் ஏற்ற பண்டம் அரிது.

ஆயின் இங்கே ஒரு நுட்பம் உளது. ‘எக்கடையில் வாங்கினும் ஒன்றே’ என்பது பதிப்புக்குப் பொருந்துமேயன்றிப் பெயருக்குப் பொருந்தாது. ‘திருக்குறள்’ என்று எழுதித் தேடிப் பாருங்கள். மூலம் மட்டும் அச்சிட்ட கையடக்கப் பதிப்பு வரும்; பரிமேலழகர் உரையுடன் கூடிய பெருநூல் வரும்; மணக்குடவர் உரை வரும்; மு. வரதராசனார் எழுதிய தெளிவுரை வரும். அனைத்திற்கும் பெயர் ஒன்றே. இவற்றின் விலைகளை வரிசையாக எழுதி, ‘இக்கடையில் திருக்குறள் மலிவு, அக்கடையில் விலை மிகுதி’ என்று கூறுதல், மாங்கன்றின் விலையையும் மாந்தோப்பின் விலையையும் ஒப்பிடுவது போலாகும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மற்றுமோர் எடுத்துக்காட்டு. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டமையின் எப்பதிப்பகத்தாரும் அவற்றை அச்சிடலாம். பலர் அச்சிட்டும் உள்ளனர். ஐந்து பாகங்கள் கொண்ட அக்கதையை ஒருவர் ஐந்து கட்டாகத் தருகின்றார். மற்றொருவர் எழுத்தைச் சிறுக்கி மலிவுப் பதிப்பாகத் தருகின்றார். திரையில் அட்டைப் படம் பெரிதாகத் தெரியும். குறித்த விலை ஐந்து பாகத்திற்குமா, முதற் பாகத்திற்கு மட்டுமா என்பது கீழே சிற்றெழுத்தில் இருக்கும். கதையின் நடுவில் வந்தியத்தேவனை விட்டுவிட்டு நிற்க விரும்பாதவர் அச்சிற்றெழுத்தைப் படித்தல் நன்று.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் சிலர், பள்ளி நூலகத்திற்கென 6,000 ரூபாய் திரட்டித் தந்தனர். தலைமையாசிரியர் என்னிடம் நூற்பட்டியல் கேட்டார். பட்டியலை யான் எழுதினேன். விலை ஆராயும் பணியை ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வர் ஏற்றனர். அவர்கள் ஒரு குறிப்பேட்டில் கட்டங்கள் வரைந்து, நூலின் பெயர், கடை, விலை, கழிவு, அனுப்புகைக் கட்டணம், வந்து சேரும் நாள் என்று ஒழுங்காக நிரப்பினர். கணக்கில் வல்ல மாணவன் ஒருவன், எந்நூல் எக்கடையில் மலிவு என்பதைச் சிவப்பு மையாற் சுழித்தும் வைத்தான்.

பட்டியலில் புறநானூறு இருந்தது. ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரை வேண்டுமென்று குறித்திருந்தேன். மூன்று கடைகளுள் ஒன்று, ஏனைய இரண்டும் சொன்ன விலையிற் பாதியே குறித்திருந்தது. பெருந்தொகை மிஞ்சியதென்று மாணவர் மகிழ்ந்தனர். ஒரு மாணவி மட்டும் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சுப் போட்டி ஒன்றிற்காகப் பொன்முடியார் பாடிய 312-ஆம் பாட்டை உரையோடு படிக்க விரும்பியிருந்தவள் அவள்.

“ஐயா, இந்தக் கடையில் பக்கமும் பாதியாகத்தானே போட்டிருக்கிறது? என் பாட்டு இதில் இருக்குமா?” என்று கேட்டாள்.

இராது. அவ்வுரை இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. முதற் பகுதி 200-ஆம் பாட்டோடு நின்றுவிடும். எஞ்சியவை இரண்டாம் பகுதியில் உள்ளன. கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாட்டு எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும். பொன்முடியார் பாட்டு வந்திராது. பதிவேட்டிலோ ‘புறநானூறு’ என்று எழுதி, நூலைப் பேழையில் அடுக்கியிருப்பர். குறையை எவர், எத்தனை ஆண்டு கழித்துக் காண்பரோ! ஒரு முறை வாங்கிய நூலை மறுமுறை வாங்கச் சிற்றூர்ப் பள்ளிக்குப் பணம் எளிதில் வாய்ப்பதில்லை.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பு வேறு. அதிலுள்ள பழைய உரை 266 பாட்டளவே கிடைத்தது. ஆராய்ச்சிக்கு அஃது இன்றியமையாத பதிப்பு. ஆயின் அம்மாணவி தேடிய பாட்டிற்கு அப்பழைய உரை இல்லை. இத்துணையும் ‘புறநானூறு’ என்னும் ஒரு பெயருள் அடங்கியுள்ளது.

அன்று மாலையே குறிப்பேட்டைத் திருத்தினோம். விலைக்கு முன்னர் உரையாசிரியர் பெயர், பதிப்பகம், பக்கம், ஐ.எஸ்.பி.என். எண் ஆகியவற்றிற்குக் கட்டங்கள் வரைந்தோம். இறுதியிற் கூறிய எண் 2007 முதல் 13 இலக்கங்கள் கொண்டது. நம் நாட்டு நூல்களில் பெரும்பாலும் 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும். இரு கடைகளிலும் அவ்வெண் ஒன்றாயின் பதிப்பும் ஒன்றே. அதன் பின் விலையை ஒப்பிடலாம். பழைய நூல்கள் பலவற்றிற்கு அவ்வெண் இராது. அங்கே பதிப்பகமும் பக்கமுமே துணை. புதிய கட்டங்களை நிரப்பியபின், முன்னர்ச் சுழித்த சிவப்புச் சுழிகளுள் மூன்று இடம் மாறின.

அனுப்புகைக் கணக்கும் விலைக் கணக்கோடு சேர்ந்ததே. 180 ரூபாய் நூலுக்கு 60 ரூபாய் அனுப்புகைக் கட்டணமாயின் அதன் விலை 240. 210 ரூபாய்க்குக் கட்டணமின்றி அனுப்பும் கடையே மலிவு. ‘500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அனுப்புகை இலவசம்’ என்னும் அறிவிப்பு நல்லதே. 50 ரூபாய் மிச்சம் பிடிக்க 120 ரூபாய்க்கு வேண்டாத நூலொன்றை வாங்குவோரை நினைத்தால்தான் நகைப்பு வருகின்றது. அஞ்சல் துறை பதிவு நூலஞ்சல் முறையை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பகத்தார் இடருற்றனர். 2025 மே முதல் நாளில் ‘ஞான் போஸ்ட்’ என்னும் முறை தொடங்கிற்று. தொடக்கத்தில் விதித்த கட்டணம், வரி நீங்கலாக, 300 கிராம் வரை 20 ரூபாய். 5 கிலோ வரை 100 ரூபாய். தரைவழி வருதலின் நாள் சற்று மிகும்.

நாளும் விலையே என்பதை அப்புறநானூறு காட்டிற்று. பேச்சுப் போட்டிக்குப் பன்னிரண்டு நாளே இருந்தன. இரு பகுதியும் சேர்த்து மலிவாகத் தந்த கடை பதினைந்து நாள் கேட்டது. 70 ரூபாய் மிகுதியாகக் கொடுத்துப் பதிப்பகத்தாரிடமே நேரில் வாங்கினோம். ஐந்தாம் நாள் கட்டு வந்தது. ஏனைய நூல்களுக்கு அவசரமில்லை. அவை மெல்ல வந்தன. ஒரு கட்டு மழையில் நனைந்து, உள்ளிருந்த நூலின் ஓரம் உப்பிப்போய் வந்தது. பிரிக்கும்போதே மாணவர் படமெடுத்து வைத்தமையால், அக்கடையார் மறுப்பின்றி மாற்று நூல் அனுப்பினர்.

அகராதி ஒன்றை மட்டும் இணையத்தில் வாங்க யான் உடன்படவில்லை. அகராதிக்கு எழுத்தின் அளவும் தாளின் தடிப்பும் கட்டின் உறுதியும் முதன்மை. திரையிற் கண்ட பக்கத்தை நம் விருப்பம்போற் பெரிதாக்கிக் கொள்ளலாம், தாளிலுள்ள எழுத்தைப் பெரிதாக்க இயலுமோ? மாவட்டத் தலைநகரிலுள்ள நூற்கடைக்குத் தமிழாசிரியரும் யானும் சென்றோம். கடைக்காரர் மூன்று அகராதிகளை மேசைமேல் விரித்து வைத்தார். அரைமணி நேரம் புரட்டிப் பார்த்து, கெட்டி அட்டையிட்ட ஒன்றை எடுத்தோம். நூற்றுக்குப் பத்துக் கழிவும் தந்தார். பேருந்துக் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் இணைய விலையினும் 40 ரூபாய் மிகுதிதான். குறிப்பேட்டில் அதனையும் மாணவர் மறவாமல் எழுதிக்கொண்டனர்.