கண்ணாடியும் தூரிகையும்

கருவி சிறிதாயினும் அதன் வடிவத்திலே அறிவு உறைந்திருக்கின்றது. இதற்கு யன்னல் துடைக்கும் தூரிகையையே நாம் மாணாக்கருக்கு எடுத்துக்காட்டுவதுண்டு. அகன்ற கண்ணாடிக்கு நீண்ட தட்டைத் தூரிகை ஏற்றது. சட்டங்கள் பிரித்த சிறு கண்ணாடிகளில் அது முட்டி நிற்கும். மூலையில் அழுக்குத் தங்கும். அங்கே குறுகிய தூரிகையே வேண்டும். துருத்திய சட்டங்களின் ஓரங்களை, எப்புறமும் மயிர் விரிந்த வட்டத் தூரிகை துலக்கும்.

பிரித்தானியாவிலே தொழிலாளர் பலர் நீண்ட கோலின் நுனியில் தூரிகையைப் பொருத்தி, உலர்ந்தபின் கறை படியாதிருக்க உப்பு நீக்கிய நீரைப் பாய்ச்சி, நிலத்தில் நின்றே மேல்மாடி யன்னல்களைக் கழுவுகின்றனர். உயரத்தில் ஏறுவதைத் தவிர்க்கக் கூடுமாயின் தவிர்த்தல் வேண்டும் என்பது அந்நாட்டின் 2005ஆம் ஆண்டு விதி. தூரிகை பொருந்தாவிடின், எஞ்சிய அழுக்கைத் துடைக்க மறுபடியும் ஏணியையே நாட நேரும். வீழ்ந்தவனுக்குக் கண்ணாடியின் பளபளப்பால் ஆவதென்ன? கருவியைத் தேர்கையில் அவன் உயிரையும் நாம் எண்ணல் வேண்டும்.