ஆம்பளைக்கு என்ன வேலை?

ராஜபாளையம் பக்கம் குழந்தை தங்கவில்லை என்றால் முதலில் ஸ்கேனுக்குப் போவது மருமகள்தான். மில்லில் ஷிப்டு முடித்து, சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் ஊசி மருந்தோடு மதுரை பஸ் ஏறுவதும் அவள்தான். மகனுக்கு ஒரு விந்துப் பரிசோதனை என்றால் வீடே கொதிக்கிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, 21 வயதுக்கு மேல் 50-க்குள் இருக்கும் பெண், திருமணமாகாமலே தானமாகக் கிடைக்கும் விந்தணுவால் தாயாகலாம். “அப்ப ஆம்பளைக்கு என்ன வேலை?” என்று கேட்கிறார்கள். கோபம்தான் வருகிறது. விந்தணுவோடும் சம்பளக் கவரோடும் முடிந்துபோகிறதா அப்பா என்கிற உறவு?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துளசித் தோட்டத்தில் கிடைத்த பிள்ளையை மகளாக வளர்த்தவர் பெரியாழ்வார். யசோதையாகவே மாறி, கண்ணனைத் தாலாட்டி, நீராடக் கூப்பிட்டுப் பாடியவர். ஆண்டாளுக்கு அப்பா யார் என்று கேட்டால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட அவர் பெயரைத்தான் சொல்லும்.

தம்பிகளே, ஆஸ்பத்திரிக்கு இனி அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். முதல் பரிசோதனையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.