மிதக்கும் படுக்கை

மாந்தர் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு கூறு படுக்கையிற் கழிகின்றது. அங்ஙனமிருந்தும் படுக்கையைப்பற்றிச் சிந்திப்பார் மிகச் சிலரே. நோயுற்ற காலத்து அதனை வெறுக்கின்றோம். தேர்வுக் காலத்து அதற்கு அஞ்சுகின்றோம். ஏனைக் காலங்களில் அதனை மறந்தே விடுகின்றோம். ஆயின், கடலிற் செல்வார்க்கு ஒரு காலத்துப் படுக்கையானது உறங்குதற்குரிய பொருள் மட்டுமன்று, உயிர்காத்தற்குரிய கருவியுமாயிருந்தது. இரவில் விரித்துத் துயிலப்படுவதும், பகலிற் சுருட்டி வைக்கப்படுவதும், கலம் கவிழுங்கால் கையாற் பற்றி மிதக்கப்படுவதுமாகிய அவ்வரிய மெத்தையைப்பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழ்வார்க்குக் கப்பலைப்பற்றிய பேச்சு எற்றுக்கென நேயர் வினவுதல் கூடும். எம் இல்லம் அம்பத்தூரை அடுத்துள்ளது. துறைமுகத்துச் சங்கொலி எம் செவிக்கு எட்டாது. எட்டுவன ஆலைச் சங்கும் மின்தொடர்வண்டியின் ஊதலுமே. எனினும் எம் பகுதி நீரை அறியாத பகுதியன்று. செம்பரம்பாக்கம், புழல், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு என ஏரிகள் சூழ்ந்த நாடு இது. பூவிருந்தவல்லியோ ஆங்கிலேயர் காலத்துப் படைவீடுகளுள் ஒன்று. சென்னையிற் கப்பல் விட்டிறங்கிய ஐரோப்பியப் படைவீரர் வந்து தங்கிய இடம். திங்கட்கணக்கில் ஆடும் படுக்கையிற் கிடந்து வந்த அவர்கள், ஆடாத நிலத்திற் கண்ணயர்ந்த ஊர்களுள் அஃது ஒன்றெனல் பொருந்தும்.

அக்காலத்து மாலுமிகளின் படுக்கை யாதெனின், குழந்தைக்குக் கட்டும் ஏணைபோன்ற தொங்கற்படுக்கையே. ஆங்கிலக் கடற்படையில், விடிந்தவுடன் ஒவ்வொருவனும் தன் படுக்கையைச் சுருட்டிக் கயிற்றால் ஏழு சுற்று இறுகக் கட்டுதல் வேண்டும் என்பது வழக்கம். அவ்வாறு கட்டியவற்றைக் கப்பலின் விளிம்பிலுள்ள வலைகளில் வரிசையாக அடுக்குவர். போர் நேரின் பகைவரின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு அவை அரணாகும். கலம் மூழ்கின் அவை மிதவையாகும். நெகிழக் கட்டிய படுக்கை விரைவில் நீர் குடித்து அமிழும். இறுகக் கட்டியது நெடுநேரம் மிதக்கும். ஆகவே, காலையில் ஒருவன் கட்டும் முடிச்சு மாலையில் அவனுக்கே உயிராதலும் உண்டு. பவுலடியார் ஏறிச் சென்ற கலம் மெலித்தா தீவின் கரையில் உடைந்த ஞான்று, அதிலிருந்த 276 பேரும் நீந்தியும் மரத்துண்டுகளைப் பற்றியும் பிழைத்த செய்தியை நம்முட் பலர் அறிவர். உயிர்காக்கும் பொருள்கள் பல, அதற்கெனவே செய்யப்பட்டன அல்ல என்பது இவற்றாற் புலனாம்.

பின்னர், அதற்கெனவே கருவி செய்யும் காலம் வந்தது. 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைச் சார்ந்த கப்டன் வார்டு என்பார் தக்கையாலாகிய மேலங்கியொன்றை அமைத்தார். 1861ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விட்பி என்னும் கடற்றுறையில் மீட்புப் படகொன்று கவிழ்ந்தது. அதிற் சென்ற 13 பேருள் 12 பேர் மாண்டனர். புதிய தக்கையங்கியை அணிந்திருந்த ஹென்றி பிரீமன் ஒருவரே கரையேறினார். ஆயினும் தக்கை கனமுடையது, விறைப்பானது, அதை அணிந்து துடுப்பு வலித்தல் அரிது. அதன்மீது உறங்குதலோ இயலாத செயல். மென்மையும் மிதத்தலும் ஒருங்கேயுடைய பொருளொன்று வேண்டியிருந்தது. அப்பொருள் நம் கிளிகள் காலங்காலமாகக் காத்துக் காத்து ஏமாந்த இலவம்பஞ்சேயாம்.

இலவின் காய் முற்றியதும் கனியாது வெடித்துப் பஞ்சாய்ப் பறத்தலின், பயனின்றிக் காத்திருப்பாரை ‘இலவு காத்த கிளி’ என்கின்றோம். கிளிக்கு ஏமாற்றமாகிய அப்பஞ்சு மாலுமிக்கு ஏற்றமாயிற்று. அதன் இழை ஒவ்வொன்றும் நுண்ணிய குழல் போன்றது. குழலின் உள்ளிடம் முழுவதும் காற்று. புறத்தே மெழுகுப் பூச்சு. மெழுகு நீரை உட்புகவிடாது. அடைபட்ட காற்று இழையை மேலே தாங்கும். இதனால் இலவம்பஞ்சு தன் எடையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு எடையை நீரிற் சுமக்கவல்லது. நீரிலுள்ள மனிதவுடல் தானே பெரும்பாலும் மிதப்பதாகலின், தலையை மட்டும் மேலே நிறுத்தச் சில கிலோ அளவுள்ள தாங்கலே போதும். எனவே பத்துக் கிலோ பஞ்சிட்ட மெத்தையொன்றைப் பற்றிக்கொண்டு பலர் மிதத்தல் கணக்கிற்கு ஒத்ததே. 1904ஆம் ஆண்டு முதல் முற்கூறிய சங்கத்தார் தக்கையை நீக்கி இலவம்பஞ்சு அங்கியை மேற்கொண்டனர். கப்பல்களிலும் படகுகளிலும் மெத்தைகளும் இருக்கைத் திண்டுகளும் இப்பஞ்சால் நிரப்பப்பட்டன. ஒருவன் நீரில் வீழ்ந்தால், அமர்ந்திருந்த திண்டையே எடுத்து அவனுக்கு எறிதல் கூடுமன்றோ?

இவ்விடத்துத் தமிழ் பயில்வார்க்கு ஒரு குறிப்பு. இலவம்பஞ்சிற் படுத்துறங்குக என ஔவையார் ஆத்திசூடியில் அறிவுறுத்தியதை நாம் இளமையிலேயே ஓதினோம். நம் பழம்புலவர் பாடிய செம்பூ இலவம் வேறு. இன்று போடிநாயக்கனூர் மலையடிவாரத் தோப்புகளிற் பஞ்சிற்காக வளர்க்கப்படும் மரம் வேறு. முன்னையது இந்நாட்டில் இயல்பாக வளரும் முள்ளிலவு. பின்னையது அமெரிக்க, ஆப்பிரிக்க வெப்பநாடுகளினின்று பரவியது. இரண்டும் ஒரே குடும்பத்தனவே; இரண்டின் பஞ்சும் மெல்லிது, மிதப்பது. ஔவையார் துயிலுக்குச் சொன்னது கடலுக்கும் பொருந்திற்று.

நிற்க. இரண்டாம் உலகப்போரில் இப்பஞ்சின் அருமை நன்கு விளங்கிற்று. உலகிற்கு வேண்டிய பஞ்சிற் பெரும்பகுதியை அளித்து வந்த சாவகத் தீவு 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சப்பானியர் வசமாயிற்று. அமெரிக்கரும் கனடியரும் மாற்றுப்பொருள் தேடி, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடியொன்றின் காயிலுள்ள பஞ்சைக் கண்டனர். பள்ளிச் சிறார் வயல்வெளிகளில் அலைந்து அக்காய்களைப் பைபையாகத் திரட்டினர். இரண்டு பைக் காய்கள் ஓர் உயிர்காப்பங்கிக்குப் போதுமாயிருந்தன. நம் ஊர்ப் புறம்போக்கிற் கேட்பாரற்று நிற்கும் எருக்கின் உறவொன்று போர்க்கலத்தாரின் உயிர்த்துணையாயிற்று என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மேலிடுகின்றது.

எனினும் இலவம்பஞ்சின் குறையை மறைத்தல் முறையன்று. அது தீயை எளிதிற் பற்றும். நாளடைவில் உடற்சுமையால் நசுங்கி, காற்றை இழந்து, மிதக்கும் ஆற்றல் குன்றும். நெடுநேரம் நீரிற் கிடப்பின் நனைந்து கனக்கும். 1945ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பலாகிய இண்டியானாபொலிஸ் மூழ்கடிக்கப்பட்டபோது, அதிலிருந்த ஏறத்தாழ 1,200 பேருள் உயிர்பிழைத்தோர் 316 பேரே. மீட்புக் கலங்கள் வருமுன் நாட்கள் பல கழிந்தமையின் அவர்கள் அணிந்திருந்த இலவம்பஞ்சு அங்கிகள் நீரூறிக் கனத்தன. அன்றியும் இப்பஞ்சு நீரை வெறுப்பதுபோலவே எண்ணெயை விரும்பும். உடைந்த கலத்தின் எண்ணெய் கடலிற் பரவுமிடத்து, பஞ்சு அதனைப் பருகித் தன் காற்றை இழக்கும். அதே இயல்பு வேறோரிடத்து நன்மையாகும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, மக்கள் வாளிகளால் அதனை அள்ளியதை யாவரும் அறிவர். அத்தகைய எண்ணெயை உறிஞ்சி எடுத்தற்கு இலவம்பஞ்சு ஏற்றதென இக்கால அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். மாலுமிக்குப் பகையான குணம் கரைக்கு உறவாதல் காண்க.

இவையெல்லாம் நூல்வழி அறிந்தன. கண்ணாற் கண்டதும் ஒன்றுண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வருத்தியபோது எம் தெருவிலும் வெள்ளம் புகுந்தது. இரவு பத்துமணி அளவில் வாயிற்படியைத் தாண்டிய நீர் நள்ளிரவுக்குள் முழங்காலளவு ஆயிற்று. விளக்குகள் அவிந்தன. எம் பாட்டியார் எண்பதாண்டு கடந்தவர், நடக்க இயலாதவர். எம் தந்தையாரும் சிற்றப்பாவும் அவரை நாற்காலியில் இருத்தி மாடிக்குச் சுமந்து சென்றனர். கீழே இரண்டு மெத்தைகள் இருந்தன. ஒன்று கடையில் வாங்கிய நுரைமெத்தை. மற்றொன்று பாட்டியாரின் திருமணச் சீராக வந்து, பன்முறை பிரித்துத் தைக்கப்பெற்ற இலவம்பஞ்சு மெத்தை. நுரைமெத்தை சிறிது நேரத்திற்குள் நீரைக் குடித்துப் பாறைபோற் கிடந்தது. மூவர் தூக்கியும் எழவில்லை. இலவம்பஞ்சு மெத்தையோ இருட்டில் எம் முழங்காலை வந்து இடித்தது, அது மிதந்துகொண்டிருந்தது! பாட்டியாரின் மருந்துப்பெட்டி, வேதாகமம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை அதன்மேல் வைத்து, அன்னையார் முன்னின்று இழுக்க யாம் பின்னின்று தள்ளி மாடிப்படிக்குக் கொணர்ந்தோம். அடுத்த இரண்டு நாட்கள் தெருவைவிட்டு வெளியேற வழியில்லை. நெஞ்சுநோய்க்குரிய அம்மாத்திரைகள் நனைந்திருப்பின் யாது நேர்ந்திருக்குமென எண்ண இன்றும் எம் உள்ளம் துணுக்குறுகின்றது. பொழுது விடியுமுன் அம்மெத்தையும் அமிழ்ந்துவிட்டது. ஆயினும் வேண்டிய நேரத்திற்கு அது மிதந்தது.

நீர் வடிந்தபின் தெருமுழுதும் மெத்தைகள் குப்பையாகக் குவிந்தன. தம் மெத்தையை எறிய விடேன் என்று பாட்டியார் பிடிவாதமாய் இருந்தமையின், பூவிருந்தவல்லிச் சாலையில் மெத்தை தைக்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். பாய் என்றே அவரை யாவரும் அழைப்பர். அவர் உறையைக் கிழித்துப் பஞ்சை வெளியே எடுத்தார். உறை சேற்றில் ஊறியிருந்தது. விளிம்பிலிருந்த பஞ்சு கட்டிபட்டிருந்தது. ஆனால் நடுவிலிருந்த பஞ்சு ஈரமின்றிப் பளபளத்தது. “தம்பி, பஞ்சு முழுகவில்லை; துணிதான் முழுகிற்று” என்றார் அவர். பஞ்சைச் சிறுசிறு அறைகளாகப் பகுத்து, நீர் புகாத துணியில் அடைத்து, தையற்றுளைகளை மெழுகி மூடினால் நாட்கணக்கில் மிதக்கும் என்றும் கூறினார். கடலையே கண்டிராத தொழிலாளர்போல அவர் பேசினாரல்லர். கப்பல் மெத்தை செய்தாரின் நுணுக்கமெல்லாம் அவருடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது. முன்னாளில் திங்களுக்கு இருபது மெத்தை தைத்த தமக்கு இப்பொழுது இரண்டு மூன்று கிடைப்பதே அரிதென்றார். அவருடைய மைந்தர் எவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. கூலியை எண்ணிப் பெற்றுக்கொண்டு, எஞ்சிய பஞ்சை ஒரு பையிற் கட்டி எம் அன்னையாரிடம் கொடுத்துச் சென்றார்.

அப்பஞ்சிற்கு ஒரு பயன் வந்தது. எம் தமையனார் சென்ற ஆண்டு சரக்குக் கப்பலொன்றிற் பணியேற்றார். அவர் புறப்படுமுன் அன்னையார், “அங்கே படுக்கை எப்படியப்பா?” என்று கேட்டார். இக்காலத்துக் கப்பற் படுக்கை மிதப்பதற்கன்று, தீப்பற்றாமைக்கே சோதிக்கப்படுகின்றது என்றும், கலத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் விளக்கும் ஊதலும் பொருந்திய உயிர்காப்பங்கி தனியே உண்டென்றும், அதனுள் இருப்பது நீர் உறிஞ்சாத நுரை என்றும் தமையனார் விளக்கினார். அன்னையார் யாவற்றையும் பொறுமையாய்க் கேட்டார், தலையசைத்தார், பின்னர் பாயிடம் சென்று, அப்பஞ்சை மழையங்கித் துணியில் அடைத்து மேலே பருத்தியுறையிட்டு ஒரு தலையணை தைப்பித்து வந்தார். யாம் அதனைத் தண்ணீர்த் தொட்டியிலிட்டு ஒரு பகல் முழுதும் பார்த்தோம். அது மிதந்தது. தமையனார் நகைத்தாரெனினும் மறுத்திலர். பெட்டியில் ஏனைப் பொருள்களை ஒதுக்கி அதற்கு இடம் செய்தார்.

உயிர்காக்கும் கருவி ஒருகாலும் பயன்படாதிருத்தலே நாம் வேண்டுவது. படுக்கை நாள்தோறும் பயன்படுதலே நாம் வேண்டுவது. இவ்விரண்டையும் ஒருபொருளிற் சேர்த்த முன்னோர், ஆபத்தை மறவாமலும் அதற்கு அஞ்சி உறக்கத்தை இழவாமலும் வாழக் கற்றவர்கள். நாள்தோறும் தலைவைத்த பொருள் நசுங்கிப்போதலின் அம்முறை கைவிடப்பட்டது நன்றே, தனிக்கருவியே நம்பத்தக்கது. ஆயினும் ஏரிகள் சூழ்ந்த நம் பகுதியில் வாழும் நண்பர்கள், மழைக்காலம் வருமுன் தம் இல்லத்தில் மிதப்பது யாது, மூழ்குவது யாது என ஒருமுறை நோக்கிவைத்தல் நலம். தமையனாரின் கப்பல் இவ்வாரம் இந்துமாக்கடலில் இருக்கின்றது. பொறியின் ஒலியால் முதலிற் கெட்ட உறக்கம் இப்பொழுது நன்கு வருகின்றதென அவர் செய்தி விடுத்துள்ளார். அதனைப் படித்துக் காட்டிய அன்றிரவு அன்னையாரும் நெடுநாட்குப்பின் நன்றாக உறங்கினார்.