முறிவு தொடங்கிய இடம்

பழைய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்ற உட்காரும் மெக்கானிக்குகள் நடுவில் இருக்கும் போல்ட்டுகளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. பயமெல்லாம் இரண்டு ஓரங்களிலும் இருப்பவற்றைப் பற்றித்தான். என் பக்கத்து வீட்டுக்காரர் மெக்கானிக் இல்லை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புகை கசிகிற கேஸ்கெட்டைத் தானே மாற்றிவிடலாம் என்று வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்தார். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனருக்கு எல்லாம் ஒழுங்காகக் கழன்று வந்தன. ஓரத்துப் போல்ட் மட்டும் டக்கென்று முறிந்தது. தலை அவர் கையில், மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள்.

"பலமா திருப்பிட்டேன் தம்பி. என் தப்புதான்" என்றார்.

அவர் தப்புதானா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் போன பாதை, நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை அறுந்துபோகாது என்பதைக் குறிக்கும். புள்ளிக்கு அடுத்த 8, அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் என்பதைக் காட்டும். இந்தக் கணக்கில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை இழுத்தே அறுக்க ஏறக்குறைய 3 டன் எடை வேண்டும். ஆனால் அதே போல்ட் துருப்பிடித்து அசையாமல் நிற்கும்போது நீளமான ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால், ஓர் ஆளின் கைபலமே போதும், முறிந்துவிடும். ஆக, முறிந்ததை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. முறிந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முறுக்கில் முறிந்த போல்ட்டின் முகம் தட்டையாக, சுழன்ற கீறல்களோடு இருக்கும். இழுவையில் அறுந்தது முதலில் கழுத்து மெலிந்து, பிறகு கிண்ணமும் கூம்புமாகப் பிரிந்திருக்கும். ஆசிரியர் கையில் இருந்த துண்டை வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். முக்கால்வாசிப் பரப்பு கருந்துரு. அதன்மேல், அலை வடிந்த பிறகு ஈர மணலில் தெரிகிற கோடுகளைப் போல, வரிசையாக வளைவுகள். ஓர் ஓரத்தில் மட்டும் புதிய இரும்பின் பளபளப்பு. அன்று அவர் ஸ்பேனர் முறித்தது அந்தப் பளபளத்த கால்வாசியைத்தான். மீதி எப்போதோ விரிசல் விட்டு, புகையும் ஈரமும் பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

இப்படி முறிவைப் படிக்க மனிதர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று தேடினால், பாரிஸுக்கு வெளியே மியூடோன் என்ற ஊரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1842 மே 8. வெர்சாயில் நடந்த விழாவைப் பார்த்துவிட்டு மக்கள் பாரிஸ் திரும்பிய ரயிலில் முன்னால் போன எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த எஞ்சினும் பெட்டிகளும் அதன்மேல் ஏறின, தீப்பிடித்தது. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அண்டார்டிக் கடலில் பனிமலைகளுக்கு நடுவே கப்பல் செலுத்தித் திரும்பிய தளபதி டுமோன் டூர்வில், மனைவியோடும் மகனோடும் அந்த ரயிலில் வெந்து இறந்தார்.

நல்ல இரும்பு, அளவான பாரம், பிறகு ஏன் முறிந்தது? அதிர அதிர இரும்பின் நார்த்தன்மை போய், உள்ளே படிகமாக மாறிவிடுகிறது என்பது அன்று பலரும் நம்பிய விளக்கம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ரேங்கின் அதை ஏற்கவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. முறிந்த ரயில் அச்சுகளின் முகங்களை அவர் வரிசையாகப் பார்த்தார். அச்சின் தடிமன் சட்டென்று குறையும் மூலையில் வழுவழுப்பான ஒரு வெடிப்பு தொடங்கி, சுற்றிலுமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி வளர்ந்திருப்பதைக் கண்டார். கடைசியில் மிஞ்சிய நடுப்பகுதி பாரம் தாங்காமல் ஒரே நொடியில் போய்விடுகிறது. அந்த மூலையைக் கூராக வெட்டாமல் வளைவாகக் கடைந்தால் போதும் என்று 1843இல் எழுதினார். இந்த இளைஞரின் கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எல்லோரும் இரும்பின் குணத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் முறிவு தொடங்கிய இடத்தைப் பார்த்தார்.

அதை எண்களாக்கியவர் ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர். 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை, அச்சுகளைச் சுழற்றிக்கொண்டே வளைக்கும் இயந்திரங்களைச் செய்து லட்சக்கணக்கான சுற்றுகள் ஓட்டிப் பார்த்தார். ஒரே தடவை வைத்தால் சாதாரணமாகத் தாங்கக்கூடிய பாரம், திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று காட்டினார். ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை வந்தாலும் முறிவதில்லை என்பதும் அவர் கண்டதுதான். உலோகக் களைப்பு என்று இன்று சொல்வது இதைத்தான்.

காருக்கு வருவோம். அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆனால் மேனிஃபோல்ட் ஹெட்டைவிட எவ்வளவோ அதிகம் சூடேறும். எஞ்சினை ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நகர்கின்றன. நடுவில் நகர்வு குறைவு, ஓரங்களில் அதிகம். அதனால் ஓரத்துப் போல்ட்டுகள்தான் தினமும் இப்படியும் அப்படியும் வளைகின்றன. போல்ட் மரைக்குள் நுழையும் முதல் சுற்றே மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ரேங்கின் சொன்ன கூரான மூலையும் அங்கேதான் இருக்கிறது. ஆசிரியரின் போல்ட்டும் சரியாக அந்தச் சுற்றில்தான் முறிந்திருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே மாட்டிய துண்டை எடுக்க வேண்டுமே.

பலரும் முதலில் தேடுவது ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர். துண்டின் நடுவில் துளை போட்டு, இடப்பக்கமாகச் சுழலும் கூம்பு மரையை அதில் இறக்கித் திருப்பினால், அது கடித்துக்கொண்டு துண்டையும் சேர்த்துத் திருப்பும். துரு பலமாகப் பிடித்திருந்தால் எக்ஸ்ட்ராக்டரே உள்ளே முறியும். அது கடினமாக்கிய எஃகு, சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க் மெஷினிடம்தான் போக வேண்டும்.

அந்த மெஷினின் பிறப்பும் முறிந்த துண்டுகளோடு சம்பந்தப்பட்டது என்பது இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. சோவியத் நாட்டில் போரிஸ், நத்தாலியா லாசரென்கோ தம்பதி, மின் ஸ்விட்சுகளின் முனைகளைப் பொறி அரித்துத் தேய்ப்பதை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்தார்கள். தடுக்க முடியவில்லை. எண்ணெயில் மூழ்கடித்தபோது அரிப்பு ஒரே சீராக நடப்பதைக் கவனித்து, 1943இல் அதையே உலோகத்தை வெட்டும் முறையாக மாற்றினார்கள். அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவரும் பொறியைக் கையில் எடுத்தார்கள். அலுமினிய ஹைட்ராலிக் வால்வுகளுக்குள் முறிந்து மாட்டிய, மரை வெட்டும் டேப்புகளையும் டிரில்களையும் எடுப்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பொறிக்கு எஃகின் கடினம் ஒரு பொருட்டில்லை. மின்சாரம் பாய்ந்தால் போதும். இன்று அச்சுவார்ப்புக்கான டை செய்யும் பட்டறைகளெல்லாம் இந்த மெஷினை நம்பித்தான் ஓடுகின்றன.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தெருமுனை வெல்டர் வந்து பார்த்தார். ஹெட்டின் மட்டத்துக்கே முறிந்திருந்த துண்டின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்து உயர்த்தினார். இரும்புக்கான வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் மரைக்குச் சேதமில்லை. அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே நிரப்பினார். அந்தச் சூட்டில் துருவின் பிடி விட்டுவிடும் என்றார். ஆறியதும் ஸ்பேனரைப் போட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அசைத்துத் துண்டை முழுசாக எடுத்துக் கொடுத்தார்.

மறு ஓரத்துப் போல்ட் முறியாமல் வந்திருந்தது. அதையே திரும்பப் போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். பழைய ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதித்த முறை ஒன்று உண்டு. அதே முறையில் போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைப் பூசிக் காத்திருந்தோம். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் தூளுக்குள் கசிந்து காட்டிக்கொடுக்கும். தலைக்குக் கீழே, கழுத்து வளைவில், ஈரக் கோடு ஒன்று பாதிச் சுற்று தெரிந்தது.

"அப்ப இதையும் நான் ஒடைக்கலை" என்று சிரித்தவர், போல்ட் முழு செட்டையும் புதிதாக வாங்கி வர சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.