ஒட்டுத் தையல்

வேலப்பன்சாவடியில் கூவத்துக்கு அருகில் குடியிருக்கிறவர்களுக்கு, அந்தி சாய்ந்ததும் கொசுவலையைத் தாழ்த்தி அதன் ஓரங்களை மெத்தையின் அடியில் செருகுவது நித்திய கர்மங்களில் ஒன்று. மூன்றாவது ரண சிகிச்சைக்குப் பிறகு, குனிந்து செய்யும் அந்தச் சிறு காரியத்தையும் வீட்டார் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டபடியால், மல்லாந்து படுத்து வலையின் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வயிற்றுச் சுவரிலும் இப்போது இப்படியொரு வலை இருக்கிறது.

முதலில் குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்தார்கள். ஓராண்டு கழித்து, இருமும்போது தழும்பின்மேல் எலுமிச்சையளவு ஒரு புடைப்பு தோன்றியது, படுத்தால் மறைந்தது. குடலிறக்கம் என்றார்கள், விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள். இரண்டாண்டில், அதே தழும்பின் ஓரத்தில் மறுபடியும் இறங்கிற்று. தண்ணீர் கேன் தூக்கியதால்தான் வந்தது என்று உறவினர் சொல்ல, நானும் அதை நம்பி நெடுநாள் என்னையே நொந்துகொண்டேன். நெதர்லாந்து மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட முடிவை அறிந்த பிறகே அந்த மனச்சுமை இறங்கியது: பத்தாண்டுக் கணக்கில், வெறுந்தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கும், வலை வைத்தவர்களில் 32 பேருக்கும் அது திரும்பியிருந்தது.

இந்தக் கணக்கின் சூட்சுமத்தை எனக்கு விளக்கியவள், காலஞ்சென்ற என் தாயார். சிறுவனாயிருந்தபோது ஒருநாள், கிழிந்த கொசுவலையின் இரு விளிம்புகளையும் இழுத்துப் பிடித்து நான் ஊசி கோக்கப் போக, அம்மா என் கையைத் தடுத்து, "இழுத்துத் தைக்காதேடா, நைஞ்ச துணி, தையலுக்குப் பக்கத்திலேயே பிச்சுக்கும்" என்றாள். பிறகு பழைய மல் வேட்டியிலிருந்து, கிழிசலைக் காட்டிலும் நாற்புறமும் நான்கு விரற்கடை அகலமாக ஒரு துண்டு வெட்டி, அதை அடியில் கொடுத்து, துணி நன்றாயிருக்கும் இடமாகத் தடவித் தடவிப் பார்த்து, ஓரம் தைத்து முடிக்க அவளுக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. அந்த வலை அதன்பின் எத்தனையோ மழைக்காலம் உழைத்தது. என் மூன்றாவது சிகிச்சையின்போது மருத்துவர், துவாரத்தின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது வலை பரவியிருக்க வேண்டும், அதன் கண்களினூடே நார்த்திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். நான் கண்டது அம்மாவின் விரல்களை.

1958-இல் அமெரிக்க ரண வைத்தியர் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் இழை வலையை இதற்குப் பயன்படுத்தியதை உலகம் அறியும். எனக்கு அவரினும் பெரியவராகத் தோன்றுகிறவர் மகாராஷ்டிரத்துத் தோண்டாயிச்சா என்ற சிற்றூரின் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர். விலையுயர்ந்த வலையை வாங்க இயலாத ஏழைகளுக்காக, கடையில் விற்கும் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி அவர்கள் உடலில் வைத்துத் தைத்து, அந்த அனுபவத்தை 2003-இல் மருத்துவ உலகின் முன் வைத்தார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் இவ்வகைத் துணியையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டுச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டில், கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்கே குடல் திரும்ப இறங்கியது. மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. அவை அரையிடுக்கில் இறங்கிய குடல்கள். என்னுடையதைப் போலத் தழும்பின் வழி பிதுங்கியவை அல்ல. ஆயினும், ஏழையின் வயிற்றுக்கு அந்த மனிதர் காட்டிய சிரத்தையை நினைத்து இந்த வலையினுள்ளிருந்தே கை கூப்புகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், மலச்சிக்கலை அண்டவிடாதீர்கள், புகையிலையை விட்டுவிடுங்கள். இடுப்புப் பட்டை தாங்குமே தவிர, துவாரத்தை மூடாது. புடைப்பு படுத்தும் உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் கண்டால், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். நெரிபட்ட குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும்.