தோட்டத்து மாலைகள்

ரப்பர் மரத்தில் பால் வெட்ட விடியற்காலைதான் நேரம். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் தொழிலாளர்கள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் நிரை பிடித்து வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். குளித்துச் சாப்பிட்டுச் சற்றே கண்ணயர்ந்து எழுந்தால், தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும். நான் அறிந்த சிலம்பம் அந்த மாலை நேரத்தில் வளர்ந்தது. அந்த நேரத்துக்காகத்தான் இன்றுவரை ஏங்குகிறேன்.

திருமணமான புதிதில் மலேசியாவின் ஈப்போவில், புந்தோங்கில் குடியிருந்தோம். கச்சாங் பூத்தே எனும் கடலை வகைகள் வறுபடும் வாசத்தில் வளர்ந்த பட்டணத்துப் பெண் நான். கணவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மறு வருஷம் முழுக்க, சனிக்கிழமை வந்தால் மோட்டார் சைக்கிளில் கம்புகளைக் கட்டிக்கொண்டு அவர் ஊருக்குப் புறப்பட்டுவிடுவோம். பள்ளி விடுமுறையில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே பயிற்சி முகாம் நடக்கும். மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்து, பெண்கள் ஒரு வகுப்பறையிலும் ஆண்கள் ஒரு வகுப்பறையிலுமாகப் படுத்துக்கொள்வோம்.

ஆசான் பால் வெட்டி ஓய்ந்தவர். முதல் முகாமில் என் கையில் கம்பே கொடுக்கவில்லை. மண்ணில் சாம்பலால் கோடு போட்டு, சுவடு வைக்க, அதாவது காலடி வரிசை பழக மட்டும் சொன்னார். "கால் ஒழுங்கா நின்னா கை தானா வரும்மா" என்பார். பிறகு ஒரு நாள் காட்டிலிருந்து வெட்டிவந்த பிரம்பைத் தணலில் வாட்டி, முழங்காலில் கொடுத்து நிமிர்த்தி, எண்ணெய் தடவி, என்னை எதிரே நிற்கவைத்து நெற்றி மட்டத்துக்கு அளந்து அறுத்தார். சாயும் வெயிலில் அந்தக் கம்பை முதன்முதலாகச் சுற்றியபோது எழுந்த 'விர்' என்ற ஓசையைக் கேட்டு, லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள்.

அந்த ஆண்டு நாங்கள் ஆடாத களம் இல்லை. தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடிகள் போகும் வழியில், பொங்கல் விழாவில், பள்ளி விளையாட்டுப் போட்டியில், மாரியம்மன் திருவிழாக்களில் தோட்டம் தோட்டமாக ஆடினோம். எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது பொட்டு வைக்கும் ஆட்டம். கம்பு நுனியில் திருநீற்றைக் குழைத்துத் தடவியிருப்பார்கள். எதிராளி உடம்பில் பொட்டு விழுந்தால் புள்ளி. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே இறங்கினால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "விடாத தாயி, போடு!" என்று கிழவிகள் எல்லாரும் என் பக்கம். சுவடு பிசகினால் தாத்தாக்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டித் திருத்துவார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் கம்பு பிடித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஆடும்போது உடம்பில் ஏறும் துடிப்பே வேறு.

அப்படி ஒரு கூட்டம் அங்கே சேர்ந்த கதை பழையது. மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை 1877-இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ நட்டது எங்கள் பேராக் மாநிலத்தில், கோலகங்சாரில்தான். ரப்பர்க் காடுகள் பெருகப் பெருகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். மாரியம்மனோடு சிலம்பமும் வந்தது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அதனால் சில தோட்டங்கள் பிழைத்தன. பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. எங்கள் ஆசான் வாழ்ந்த லயமும் இடிபட்டது. சனங்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். தகப்பன் இரவு ஷிஃப்ட், மகன் காலை ஷிஃப்ட், தாய் ஓவர்டைம் என்று ஒரே வீட்டுக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடின. எல்லாருக்கும் பொதுவான மாலை என்று ஒன்று இல்லாமல் போனது.

சிலம்பம் அழிந்துவிடவில்லை, அது எனக்கு உண்மையான சந்தோஷம். மண்டபங்களில் போட்டி நடக்கிறது, பெண் பிள்ளைகள் துணிச்சலாக இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் மண்டபத்தில் பார்ப்பவர்கள் நடுவர்களும் பெற்றோரும் மட்டுமே. தப்பைக் கண்டு அதட்டும் தாத்தாவும், முறை சொல்லிக் கூவும் கிழவியும் அங்கே இல்லை. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், சுற்றி நிற்கும் அந்த ஊரை எந்த முகாமில் உண்டாக்குவது?

இப்போது கிள்ளானில் இருக்கிறோம். கணவரின் பழைய தோட்டத்தில் கோவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. திருவிழா அன்று பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பழைய சனங்கள் பிள்ளைகளோடு வந்து சேர்கிறார்கள். கணவர் கம்பை எடுத்ததும், யாரும் சொல்லாமலே வட்டம் கூடிவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்காகவே ஆண்டுதோறும் போகிறோம். ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியெல்லாம், மறுநாள் காலையிலும் அவர்கள் அத்தனை பேரும் அங்கேயே இருக்கக்கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.